லப்டொப் இரைச்சலுக்கு எது நல்லது: ஒப்டிகல் கேபிளா, யூஎஸ்பி ஐசொலேட்டரா, லீனியர் பவர் சப்ளையா?

வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த ஃப்ளட் எங்களுடையது. இரவு பத்து மணிக்கு மேல், ரயில் ஓட்டம் குறைந்து காலி வீதிச் சத்தமும் அடங்கின பிறகுதான் நான் பாட்டுக் கேட்க உட்காருவேன். ஆலாபனை தொடங்குமுன் தம்புரா மட்டும் ஓடும் அந்தச் சில நொடிகளில் இடது ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய கீச்சொலி கேட்கும். மவுசை அசைத்தால் அதுவும் கூடவே மாறும். டாக்தான் (லப்டொப்பின் டிஜிட்டல் தரவைப் பாட்டுச் சிக்னலாக மாற்றும் பெட்டி, DAC) பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கொஞ்ச நாள் கவலைப்பட்டேன்.

ஒருநாள் லப்டொப் சார்ஜரைக் கழற்றினேன், சத்தம் சட்டென்று நின்றது. எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. பட்டரியில் ஓடும்போது நின்றால் அநேகமாக கிரவுண்ட் லூப்தான். மூன்று பின் சார்ஜரின் ஏர்த்தில் தொடங்கி யூஎஸ்பி வயர், டாக், டாக்கிலிருந்து பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர், அம்ப் (அம்ப்ளிஃபயர்) வழியாகப் போய் அம்பின் ஏர்த்தில் வந்து சேரும் ஒரு வட்டம் அது. அதில் ஓடும் சிறு கரண்ட் பாட்டோடு கலந்துவிடுகிறது. 50 ஹேர்ட்ஸ் உறுமலும் இதனால் வரலாம், கீச்சும் வரலாம். யூஎஸ்பி தரவை நொடிக்கு 1,000 தடவையோ 8,000 தடவையோ துண்டு துண்டாக அனுப்புவதால், அந்தக் கீச்சு காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்திலேயே வந்து விழுகிறது.

ஏர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 230 வோல்ட்டில் ஏர்த் உயிரைக் காப்பதற்கு இருப்பது.

லீனியர் சப்ளை, அதாவது சாதாரண அடப்டருக்குப் பதிலாகப் பாவிக்கும் பெரிய ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள, இரைச்சல் குறைந்த பவர் சப்ளை, அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நண்பரிடம் இரவல் வாங்கி டாக்குக்கு ஒரு கிழமை கொடுத்துப் பார்த்தேன். லூப் லப்டொப் வழியாக வருவதால் அந்தக் கீச்சு அசையவே இல்லை. டீவி அலமாரிக்குள் நல்ல சூடும் வந்தது, கொழும்புப் புழுக்கத்தில் அது வேறு. ராஸ்பெரி பை போன்ற சிறிய பிளேயருக்கு மட்டமான அடப்டர் பாவிப்பவர்களுக்குப் பலன் தெரியலாம்.

லப்டொப்புக்கும் டாக்குக்கும் இடையில் செருகும் யூஎஸ்பி ஐசொலேட்டர் உண்மையிலேயே வேலை செய்தது. உள்ளே இருக்கும் ஏடியுஎம்4160 சிப், வயர் தொடர்பே இல்லாமல் நுண்ணிய ட்ரான்ஸ்ஃபோமர் மூலம் தரவைக் கடத்துகிறது. செருகியதும் கீச்சு போய்விட்டது. ஆனால் அதன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட் மட்டும், 24 பிட் 96 கிலோஹேர்ட்ஸ் தரமுள்ள பாட்டுக் கோப்பு வரை பாடும், இன்னும் நுணுக்கமான 192 கிலோஹேர்ட்ஸ் போகாது. என்னிடம் இருந்தது கொடுக்கும் மின்சாரமும் 200 மில்லிஅம்பியர்தான், யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் சில டாக்குகளுக்கு அது போதாது. 480 மெகாபிட் ஐசொலேட்டர்களும் வருகின்றன, விலை நிறையக் கூட. அவற்றை ஒருநாள் மாலை மட்டுமே கேட்டிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

என்னை ஒப்டிகல் பக்கம் திருப்பியது கடற்காற்று. எங்கள் வீட்டில் ஆர்சிஏ பிளக்கைக் கழற்றினால் உள் வளையத்தில் பாசி போலப் பச்சை பூத்திருக்கும். ஜன்னல் கொக்கி, கேட் பூட்டு, யூஎஸ்பி துளை எதையும் உப்பு விட்டுவைப்பதில்லை. ஐசொலேட்டர் போட்டால் இடையில் இன்னும் இரண்டு உலோக இணைப்புகள் கூடுகின்றன, அது இருந்த மூன்று கிழமைக்குள் இரண்டு தடவை பாட்டின் நடுவில் தொடர்பு அறுந்தது. கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, மறுபடி செருக வேண்டும். இதை மாதாமாதம் யார் செய்வது?

ஒப்டிகல் கேபிளில் போவது வெறும் சிவப்பு வெளிச்சம். 1983இல் டொஷிபா கொண்டுவந்த டொஸ்லிங்க் இது, உள்ளே பிளாஸ்டிக் இழை. ஒரு முனையைக் கழற்றி உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி விழும். கரண்டே போகாத இடத்தில் லூப்பும் இல்லை, களிம்பு பிடிக்க உலோகமும் இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு மீட்டர் கேபிள் வாங்கி எட்டு மாதமாகிறது, ஒரு தென்மேல் பருவக்காற்று முழுக்கத் தாங்கியிருக்கிறது. நான் செய்த பராமரிப்பு, தூசியை ஒரு தடவை மென்துணியால் துடைத்தது மட்டும்.

குறைகளும் உண்டு. இப்போதைய லப்டொப்களில் ஒப்டிகல் துளை அரிது, அதனால் யூஎஸ்பியை ஒப்டிகலாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று வேண்டியிருந்தது, அந்த ஒரு உலோக இணைப்பு மிச்சம்தான். 2016க்கு முந்தின மெக்புக் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு ஹெட்ஃபோன் துளையிலேயே ஒப்டிகல் இருக்கிறது. டாக்குக்குத் தனி அடப்டர் இருக்க வேண்டும், லப்டொப்பிலிருந்தே கரண்ட் கொடுத்தால் பழைய லூப் திரும்பிவிடும். 96 வரை கவலையில்லை, 192 கருவிக்குக் கருவி மாறும். கேபிளை அலமாரிக்குப் பின்னால் நெரித்து மடித்தால் இழை கெட்டுப்போகும். ஒப்டிகலில் ஜிட்டர் (தரவு வந்து சேரும் நேரத்தில் வரும் நுண்ணிய தடுமாற்றம்) கூட என்பார்கள். என் டாக்கில் எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை, அது என் காது ஒன்றின் சாட்சிதான்.

கீச்சு போன பிறகும் கொஞ்சம் உறுமல் மிச்சமிருந்தது. அதே அம்போடு இணைந்திருந்த டீவியின் டிஷ் வயரைக் கழற்றிப் பார்த்தபோது அதுவும் நின்றது. டீவியின் பின்னாலும் ஒப்டிகல் துளை இருந்ததால் இன்னொரு கேபிள் வாங்கி டாக்கின் இரண்டாவது துளைக்கு இழுத்துவிட்டேன். ஐசொலேட்டர் இப்போது தம்பியின் மேசையில் இருக்கிறது, அவனுடைய டாக்கில் ஒப்டிகல் துளையே இல்லை.