இரண்டு கணினி, ஒரு கேபிள்: ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் எங்கே இடறும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற நகரங்களில் ஒரே வீட்டில் இரண்டு கணினி இருப்பது இப்போது சாதாரணம். பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு மடிக்கணினி; படங்களும் கல்யாண வீடியோவும் கடைக் கணக்கும் நிறைந்த பழைய மேசைக் கணினி இன்னொன்று. பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடப்பதை ஒரு நெட்வொர்க் கேபிள் நிறுத்திவிடும். நெட்வொர்க் சுவிட்சும் ரௌட்டரும் வேண்டாம், இணையம்கூட வேண்டாம்.

முதலில் கேபிள். வீட்டுக்குள் ஓடும் தூரத்துக்குக் கேட் 5ஈ (Cat 5e) வகை தாராளம். இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் (நொடிக்கு 1000 மெகாபிட் அனுப்பும் கேபிள் செருகுமிடம்) என்றால், கேட் 6 போட்டாலும் வேகம் அதிகரிக்காது. கவனிக்க வேண்டியது கம்பியைத்தான். விலை குறைந்த கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது முதல் நாள் நன்றாகவே ஓடும். கதவிடுக்கில் மடிந்து, துடைப்பத்தில் இழுபட்டு, ஒரு வருடத்துக்குள் எங்கோ ஓர் இழை உள்ளுக்குள் முறிந்துவிடும். முழுச் செம்புக் கேபிளுக்குச் சில ரிங்கிட் கூடப் போனாலும் கொடுத்து வாங்குங்கள்.

கணினிக்குக் கணினி நேராக இணைக்க 'கிராஸ்' கேபிள் (ஒரு முனையில் இழைகளை இடம் மாற்றி அடித்தது) தான் வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். பழைய 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) போர்ட்டுகளுக்கு அது உண்மை. கிகாபிட் போர்ட்டுகள் அனுப்பும் இழை எது, வாங்கும் இழை எது என்பதைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். கடையில் கிடைக்கும் சாதாரணக் கேபிளே போதும். கேபிள் முனையில் ஆர்ஜே45 என்ற பிளாஸ்டிக் தலையை நீங்களே அடிப்பதானால் இரு முனையிலும் டி568பி என்ற நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடிக்கு இருபுறமும் பிரிந்து நிற்பதைப் பாருங்கள். நான்கு ஜோடிகளையும் பக்கம் பக்கமாக அடுக்கினால் சாதாரணக் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் இணைப்பு தள்ளாடும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கவும் கூடாது.

நீண்ட நாள் பயன்பாட்டில் அதிகம் பேரை ஏமாற்றுவது சத்தமில்லாமல் விழும் வேகம். ஒரு கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும்; 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஆகவே நீலத்திலோ பழுப்பிலோ ஓர் இழை அறுந்தால் கணினி பெரும்பாலும் பிழை எதுவும் காட்டாது, 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். 50 ஜிபி வீடியோ ஏழெட்டு நிமிடத்தில் போக வேண்டியது, ஒரு மணி நேரத்தைத் தாண்டும். விண்டோஸில் ஈதர்நெட் நிலைப் பக்கத்தைத் திறந்து வேகத்தை அவ்வப்போது பாருங்கள். 1.0 ஜிபிபிஎஸ் என்று இருந்தும் மெதுவாகப் போனால் கேபிளைக் குறை சொல்ல முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கோ, ஆயிரக்கணக்கான சின்னப் படக் கோப்புகளோ காரணமாக இருக்கும்.

அடுத்தது ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண். எதையும் தொடாமல் விட்டால் இரண்டு கணினியும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்ளும். அதுவும் ஓடும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடிய முகவரியை நம்பி எதையும் அமைக்க முடியாது. கையால் கொடுத்துவிடுங்கள்: கோப்புகளைப் பகிரும் கணினிக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, இரண்டுக்கும் மாஸ்க் (முகவரி வரிசையின் அளவைச் சொல்லும் எண்) 255.255.255.0. வீட்டு வைஃபை பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில் இருப்பதால் 50 என்று தள்ளி வைக்கிறோம். வைஃபையும் கேபிளும் ஒரே வரிசையில் வந்தால் எந்த வழியாக அனுப்புவது என்று கணினி குழம்பும். கேட்வே (இணையத்துக்கு வெளியேறும் வழி), டிஎன்எஸ் (இணையதளப் பெயரை முகவரியாக மாற்றுவது) கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும். கேட்வேயில் எதையாவது நிரப்பினால் வைஃபை இருந்தும் இணையம் நின்றுபோகும். கணினி கேபிள் வழியாக வெளியே போகப் பார்க்கும்.

அதிக நேரம் வீணாவது அனுமதியில். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று பொதுவிடமாகக் கருதி, ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்பைத் தடுக்கும் காவல்) மூலம் வழியை மூடிவிடும். ஈதர்நெட் அமைப்பில் அதைத் தனியார் நெட்வொர்க்காக மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்குங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு சில சமயம் பழையபடி பொதுவுக்குத் திரும்பிவிடும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பிங் (மற்றக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லை என்பதற்காகக் கேபிளைப் பிடுங்கிப் புதிது வாங்காதீர்கள். ஃபயர்வால் பிங்கையும் தடுக்கும்.

கடவுச்சொல்லே இல்லாத கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைய முடியாது. திரையைத் திறக்கும் நான்கிலக்க பின் எண்ணும் செல்லாது. பகிரும் கணினியில் கடவுச்சொல்லுடன் ஓர் உள்ளூர்க் கணக்கைத் தனியாக உருவாக்கி, அதற்கு மட்டும் அந்தக் கோப்புறையில் உரிமை கொடுப்பதே நிலையான வழி. கடவுச்சொல் பாதுகாப்பை அணைத்துவிட்டு எல்லாருக்கும் திறந்துவிடும் பழைய குறுக்குவழி, விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து தானாகவே அடைபட்டுவிட்டது. பிறகு மற்றக் கணினியில் கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் \\192.168.50.1 என்று தட்டுங்கள். கணினியின் பெயரைத் தட்டினால் வைஃபை வழியாகப் போய்விடக்கூடும். எண்ணைத் தட்டினால் கேபிள் வழி நிச்சயம்.

கோப்பு பாதி நகலாகும்போது இணைப்பு விட்டு விட்டு வந்தால், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் மின்சேமிப்பு அமைப்புகளை அணைத்துப் பாருங்கள். பகிரும் கணினி தூங்கிவிட்டாலும் கோப்புறை காணாமல் போகும்.

நம் ஊர் வீடுகளில் கேபிளுக்கு வேறு எதிரிகளும் உண்டு. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் எலி கட்டாயம் கடிக்கும்; பிளாஸ்டிக் கேசிங்குக்குள் இழுப்பது நல்லது. தகரக் கூரைக்கு நேர்கீழே போனால் சூட்டில் மேலுறை விறைத்துவிடும். சும்மா கிடக்கும் போர்ட்டில் எறும்பு கூடு கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது இடி மின்னல். பருவக்காற்று மாறும் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பிற்பகல்தோறும் இடிக்கும். பலர் ஒரு கணினியின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நெட்வொர்க் கேபிள் செருகியே இருந்தால், மின்சாரத்தில் இருக்கும் மற்றக் கணினி வழியாக மின்னதிர்வு இங்கே வந்து சேரும். போர்ட்டுக்குள் இருக்கும் சிறு மின்மாற்றி 1500 வோல்ட் சோதனையைத் தாங்கும்படி செய்யப்பட்டது. மின்னலின் அளவே வேறு. ஆக, கேபிளையும் கழற்ற வேண்டும். ஆனால் ஆர்ஜே45 இணைப்பு சுமார் 750 முறை செருகிக் கழற்றும் கணக்கில் வடிவமைக்கப்பட்டது. தினமும் ஒருமுறை என்றால் இரண்டே வருடம். தலையிலுள்ள கொக்கி அதற்கும் முன்பே ஒடியும். மதர்போர்டு போர்ட்டைத் தேயவிடாமல், அதில் ஒரு மீட்டர் கேபிளை நிரந்தரமாகச் செருகி, நீளக் கேபிளுடன் ஒரு கப்ளரில் (இரண்டு கேபிள் தலைகளை இணைக்கும் சிறு துண்டு) சேருங்கள். வானம் கறுத்தால் கப்ளரில் கழற்றுங்கள். தேய்ந்தால் மாற்றுவது மலிவான கப்ளரைத்தான்.

இதே யோசனையில் பக்கத்து வீட்டிலிருக்கும் அண்ணன் கணினிக்கும் வெளியே கேபிள் இழுக்க நினைத்தால், செம்புக் கம்பி வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் எர்த் (மின்சாரம் நிலத்துக்கு இறங்கும் இணைப்பு) வெவ்வேறு. பக்கத்தில் விழும் மின்னலே இரண்டு முனையையும் சுட்டுவிடும். அங்கே ஒளியைக் கடத்தும் ஃபைபர் கேபிளும், இரு முனையிலும் அந்த ஒளியை நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள், இல்லாவிட்டால் வைஃபையோடு இருந்துகொள்ளுங்கள்.