லிவர் விழுந்தது, லைட் அணையவில்லை

டைல்ஸ், பிளம்பிங், பெயிண்டிங் என்று சைட்டில் வேலை செய்கிறவர்கள் படித்துவிடுங்கள், நான் ஏமாந்த மாதிரி ஏமாறாதீர்கள்.

ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலை. முதல் நாளே காண்ட்ராக்டரிடம், "அண்ணே, டெம்பரரி போர்டில் ஆர்சிசிபி இருக்கா?" என்று கேட்டேன். கரண்ட் கசிந்தால் தானாகவே லைனை வெட்டிவிடுகிற சுவிட்ச் அது. சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து டெஸ்ட் பட்டனை அமுக்கினார், டக்கென்று லிவர் விழுந்தது. "பார்த்தியா தம்பி? போய் வேலையைப் பாரு." கண்ணால் பார்த்தாச்சே, நம்பினேன்.

மூன்றாம் நாள் குளியலறையில் தண்ணீர் விட்டு டைல் அறுத்துக்கொண்டிருந்தேன். மெஷின் அவருடையது, ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று, அந்த டேப் நழுவி ஈரத்தில் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. ஒயரைத் தள்ளிப்போடக் கை வைத்ததும் பிடித்துக்கொண்டது. கையை எடுக்க முடியவில்லை, கத்தவும் வரவில்லை. கலவை குழைத்துக்கொண்டிருந்த பையன் என்னைத் தொடாமல் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான். தொட்டிருந்தால் அவனும் மாட்டியிருப்பான். இசிஜி எடுத்தார்கள், நல்லவேளை ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வந்து அதே பட்டனை அமுக்கினேன். லிவர் விழுந்தது, ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து போகிற லைட் எரிந்துகொண்டே இருந்தது! தெரிந்த ஒயர்மேன் ஒருவரை வரவழைத்து, மெயினை அணைத்து மூடியைக் கழற்றினால், வெளியே போகிற ஒயர்களைக் கீழ் டெர்மினலிலிருந்து எடுத்து, கரண்ட் வருகிற மேல் டெர்மினலிலேயே சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். ஆர்சிசிபி சும்மா பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது.

காண்ட்ராக்டரிடம் கேட்டதற்கு, "அடிக்கடி ட்ரிப் ஆகி வேலை நின்னுச்சு, அதான். எம்சிபி இருக்கே" என்றார். ட்ரிப் ஆனதே எங்கோ கரண்ட் கசிந்ததால்தானே, அதைத் தேடாமல் காவல்காரனையே கட்டிப்போட்டிருக்கிறார். எம்சிபி என்பது அளவுக்கு மேல் கரண்ட் போனால் வெட்டுகிற சுவிட்ச், அந்த 16 ஆம்பியர் எம்சிபி ஒயர் எரியாமல் பார்த்துக்கொள்ளத்தான். நம் உடம்பு வழியாகப் போகிற கரண்ட் அதற்கு ஒரு கணக்கே இல்லை, 50 மில்லி ஆம்பியரே ஆளைக் கொன்றுவிடலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்தக் கசிவைப் பார்த்துத்தான் வெட்டுகிறது.

அப்புறம் கணக்கு முடிக்கும்போது, வேலை நின்றதற்காக அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். அதைக்கூட விடுங்கள், அந்தப் பெட்டி அப்படியே அடுத்த சைட்டுக்குப் போய்விட்டதாம். யாராவது உங்களிடம் பட்டனை அமுக்கிக் காட்டினால் லிவரைப் பார்க்காதீர்கள், அந்த லைனில் ஒரு பல்பைச் சொருகி, அது அணைகிறதா என்று பாருங்கள்.