வவுனியாவிலிருந்து தலைமன்னார் பியர் வரை: வீதி எப்படி?

அம்மா 1977 இனவன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். அதற்கு முன்பே, மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரியம்மா இந்தியா போய்விட்டார். ஹட்டன் ரயில் நிலையத்தில் அக்காவை வழியனுப்பிய அம்மா, அவர் கப்பலேறிய தலைமன்னார் பியர் துறையைப் பார்த்ததே இல்லை. சென்ற மாதம் நெளுக்குளத்திலிருந்து பஸ்ஸில் அழைத்துப்போனேன். முதியவர்களுடன் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பறயனாலங்குளம் சந்தி வரை ஏ30 வீதி, பிறகு மதவாச்சியிலிருந்து வரும் ஏ14. வீதிக்குக் குறை சொல்ல மாட்டேன். முழங்கால் வலிக்காரரான அம்மா ஓரிடத்திலும் முன்கம்பியை இறுகப் பிடிக்கவில்லை. சோதனைச் சாவடிகளில் இறங்கி, பையைத் திறந்துகாட்டி, மறுபடி ஏறிய காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த நிம்மதி பெரிது.

ஆனால் வழியில் ஒரு பொது மலசலகூடமும் எங்கள் கண்ணில் படவில்லை. முருங்கனில் அம்மாவால் அடக்க முடியவில்லை. சாரதி மனமிரங்கி நிறுத்தினார். தேநீர்க்கடைக்கார அக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் இல்லையென்றால் என்ன செய்திருப்போம்? மடு மாதா திருவிழாவுக்கு எத்தனையோ தாய்மார் போகும் பாதை இது. வீதியை அகலமாக்கத் தெரிந்தவர்களுக்குப் பெண்களின் இந்த அவஸ்தை ஏன் தெரியவில்லை? எனக்கு ஆறவே இல்லை.

உயிலங்குளத்து வயல்கள் கழிந்து, தள்ளாடி என்ற இடத்தைத் தாண்டியதும் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. மன்னார் தீவுக்கு 2010இல் திறந்த புதுப்பாலத்தில் பஸ் வழுக்கிக்கொண்டு போனது. மன்னாரில் பஸ் மாற வேண்டும். தரிப்பிடத்தைச் சுற்றிக் கழுதைகள், பேசாலைப் பக்கம் பனைகள், தூரத்தில் காற்றாலைகள்.

பியரில் வீதி முடிகிறது. ரயில் 2015இல் திரும்பி வந்துவிட்டது, கப்பல்தான் வரவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்குத் தொடங்கிய சேவை, 1964 புயலுக்குப் பின் இராமேஸ்வரத்துக்கு ஓடி, போர் தொடங்கியபின் நின்றது. அக்கரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். எங்கள் வீட்டிலிருந்து மன்னாருக்குள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. இன்று கப்பலில் போக வேண்டுமென்றால் வடக்கே காங்கேசன்துறைக்குப் போய் நாகப்பட்டினம் சுற்ற வேண்டும். இத்தனை நல்ல வீதியைக் கடல்வரை போட்டுவிட்டு, மிச்சத்தை விட்டுவைத்திருப்பது வன்னி மக்களுக்குச் செய்யும் அநீதி. பியரிலிருந்து மறுபடி கப்பல் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அம்மா நெடுநேரம் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு பக்கமா?" என்று மட்டும் கேட்டார்.

போகிறவர்கள் தண்ணீரும் குடையும் கொண்டுபோங்கள். திரும்பும்போது இருட்டுமுன் பூவரசங்குளத்தைத் தாண்டிவிடுவது நல்லது. தார்ச் சூட்டுக்கு மாடுகள் நடுவீதியில் வந்து படுத்துக்கொள்கின்றன.