ஆமை ஓட்டு விரிசலை அன்றைக்கே ஒட்டித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள்

நாய் கடித்து ஓடு உடைந்த ஆமையைக் கொண்டுபோனதும், "பயப்படாதீங்க, பசை போட்டு அடைச்சிடலாம், அரை மணி நேர வேலை" என்று சொன்னால் அங்கிருந்து ஆமையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தாம்பரம் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் இப்படி அடைத்து அனுப்பிய ஆமையின் கட்டைப் பிரித்த பிறகு எழுதும் பதிவு இது. கிளினிக்கின் பெயர் வேண்டாம். என்ன செய்தார்கள், எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்தால் போதும்.

சல்காட்டா ஆமை, எடை 2 கிலோ 300 கிராம். வெளிநாட்டு உயிரினங்களை வளர்ப்பவர்கள் பதிவு செய்யும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் முறையாகப் பதிவு செய்தது. கடித்தது தெருநாய்கூட இல்லை, அதே வீட்டில் வளரும் நாய். மேலோட்டின் வலது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், பக்கத்தில் இரண்டு பல் துளைகள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, இரண்டு குழாயைக் கலந்து பூசும் எபாக்சி பசையை அப்பி, மேலே ஃபைபர் துணி ஒட்டியிருக்கிறார்கள். பில் 6,500 ரூபாய். எட்டாம் நாள் ஆமை சாப்பிடவில்லை, பக்கத்தில் போனால் நாற்றம். ஒன்பதாம் நாள் பசை ஓரத்தில் புழு நெளிந்தது. அதற்கு அதே கிளினிக்கில் ஐவர்மெக்டின் ஊசி எழுதிக்கொடுத்தார்கள். மருந்துக் கடையில் அன்று ஸ்டாக் இல்லை. அந்த ஆமை இன்று உயிரோடு இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

முதலில் அந்த மருந்தைப் பற்றி. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி, புழு என்றால் கை தானாக ஐவர்மெக்டினைத்தான் எடுக்கும். ஆமைக்கு அது விஷம். மூளை நரம்புவரை போய், கைகால் தளர்ந்து, மூச்சு நின்றுவிடும். ஊசி, மாத்திரை, மேலே தடவும் சொட்டு என எந்த வடிவத்திலும் கூடாது. ஆமைக் காயத்தில் புழு வந்தால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பதும், சலைனால் பீய்ச்சிக் கழுவுவதும்தான் வழி. நேரம் பிடிக்கும், மறுநாளும் அதே வேலையைச் செய்ய வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

இனி பசை. ஆமை ஓட்டை நகம் மாதிரி செத்த பொருள் என்று நினைப்பவர்கள் அதிகம். மேலே இருக்கும் செதில் மட்டும்தான் நகம் போன்றது. அதற்குக் கீழே இருப்பது உயிருள்ள எலும்பு. விலா எலும்பும் முதுகெலும்பும் அதோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ரத்தம் ஓடுகிறது, வலிக்கும். ஆமை கத்தாது என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. நுரையீரல் மேலோட்டுக்கு நேர் கீழே ஒட்டினாற்போல் இருக்கிறது. நாயின் வாய் பட்ட காயத்தில் கிருமி போகாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதை மூடி அடைத்தால் காற்றுப் படாத இடத்தில் கிருமி இன்னும் வேகமாகப் பெருகும். பசை இறுகும்போது சூடாகும், விரிசலுக்குள்ளும் இறங்கும். இரண்டு எலும்பு விளிம்புக்கு நடுவே பசை நின்றால் எலும்பு எப்படிக் கூடும்? வளரும் குட்டி என்றால் ஒட்டின இடத்தில் ஓடு விரியவும் முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று: ஆமையின் சீழ் மனிதச் சீழ் மாதிரி வழியாது, கட்டித்தயிர் போலத் திரண்டு நிற்கும். அதனால் உள்ளே எவ்வளவு சேர்ந்தாலும் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்காது. இந்த ஆமையின் ஃபைபர் துணியைக் கிளப்பியபோது விரிசல் முழுக்க வெளிறிய மஞ்சளில் பன்னீர்த் துண்டு போல அடைத்துக்கொண்டு நின்றது. கழுவினால் போகவில்லை, சிறு கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. மேலே பளபளவென்று இருந்த பசையைப் பார்த்து யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

ஆமையை நாய் கடித்துவிட்டால் வீட்டில் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது இது. சுத்தமான காஸ் துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய், ஃபெவிக்விக் எதுவும் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்து நல்ல தசையையும் எரித்துவிடும். மருந்துக் கடையில் நார்மல் சலைன் 500 மி.லி. பாட்டில் வாங்கி, வெதுவெதுப்பாக்கி, 20 மி.லி. சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு பாட்டில் தீரும்வரை காயத்தில் பீய்ச்சலாம்.

ஆனால் அதற்கு முன்னால் விரிசலை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆமை மூச்சு விடும்போது குமிழி கிளம்பினாலோ, உள்ளே சவ்வு ஏறி இறங்குவது தெரிந்தாலோ பீய்ச்சவே கூடாது. தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் போகும். சலைனில் நனைத்த காஸை மேலே போர்த்தி, அப்படியே மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டும். குமிழி இல்லாத வெளிக்காயம் என்றால், போவிடோன் அயோடினை வெளிறிய டீத்தண்ணீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து அதில் நனைத்த காஸ் வைக்கலாம்.

திறந்த காயத்தோடு ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் விடாதீர்கள். மண், தென்னை நார்த்தூள் மேலும் விடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பில் வெள்ளைத் துண்டை விரித்து, அதில் சமமாக வையுங்கள், மல்லாத்த வேண்டாம். வெள்ளைத் துண்டு எதற்கென்றால் ரத்தம், சீழ், சிறுநீர் எதுவானாலும் உடனே கண்ணில் படும். சூடு 28 முதல் 32 டிகிரி இருக்கட்டும், ஏசி அறை ஆகாது. டப்பின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டுவதை மட்டும் மறக்காதீர்கள். ஈ முட்டையிட்டால் துருவின தேங்காய்ப்பூ ஒட்டினாற்போல வெள்ளையாகத் தெரியும். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் அது புழுவாகிவிடும்.

கையில் எடுக்கும்போது பின்னங்காலை மெல்லக் கிள்ளிப் பாருங்கள். இழுத்துக்கொள்கிறதா, வால் அசைகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதுகெலும்பு மேலோட்டின் நடுக்கோட்டில் ஓடுவதால், அந்த இடத்தில் விரிசல் என்றால் கால் செயலிழக்கலாம்.

ஆமை வைத்தியம் தெரிந்த மருத்துவர் முதலில் எக்ஸ்ரே எடுப்பார். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலைப்பக்கமிருந்து ஒன்று என மூன்று கோணம் வேண்டும். நுரையீரலைச் சரியாகக் காட்டுவது பின்னிரண்டும்தான். காயத்தைத் திறந்தே வைத்து நாள்தோறும் கட்டு மாற்றி, அழுகினதையெல்லாம் எடுத்து, சுத்தமானது உறுதியான பிறகே உடைந்த துண்டுகளைச் சேர்ப்பார். சேர்ப்பதும் விரிசலுக்குள் எதையும் ஊற்றி இல்லை. விரிசலின் இரண்டு பக்கமும் சிறு திருகாணி வைத்துக் கம்பியால் இழுத்துக் கட்டுவதுதான் முறை. ஆன்டிபயாடிக் ஊசியை முன்னங்காலில் போடுவது வழக்கம். பின்பக்கம் போட்டால் மருந்து உடம்பில் சுற்றுவதற்கு முன்பே சிறுநீரகத்துக்குப் போய்விடலாம். ஆமைக்கு வழக்கமாகத் தரும் செஃப்டாசிடிம் மூன்று நாளுக்கு ஒரு முறை போடுவது. தினமும் வந்து போட்டுக்கொள்ளச் சொன்னால் எந்த மருந்து, ஏன் தினமும் என்று கேளுங்கள். ஓட்டு எலும்பு கூட மாதக்கணக்காகும், பெரிய உடைவு என்றால் ஒரு வருடம் தாண்டும். பத்து நாளில் சரியாகிவிடும் என்பது பொய். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே வசதி இருக்கிறது. தூரமாக இருந்தாலும் ஆட்டோ பிடித்துப் போகலாம்.

இதே வீட்டில் இன்னொரு ஏமாற்றமும் நடந்திருக்கிறது. ஆமைக்கென்றே செய்த பாதுகாப்புக் கூண்டு என்று 14,000 ரூபாய்க்கு ஒருவர் விற்றிருக்கிறார். சுற்றிலும் இருந்தது அறுகோணக் கண் உள்ள சாதாரண கோழி வலை. கோழி வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான், நாயை வெளியே நிறுத்த அதனால் முடியாது. அந்த நாய் முன்னங்காலால் நாலு இழுப்பு இழுத்ததில் வலை கழன்றுவிட்டது. அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை), 16 கேஜோ அதைவிடத் தடித்த கம்பியோதான் வேண்டும். கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிக்கும் என்பதை வைத்துக் கடையில் ஏமாற்றுவார்கள், கவனம். மெஷ்ஷை ஸ்டேப்ளர் பின்னால் அடிக்காமல் வாஷர் வைத்த திருகாணியால் மரச்சட்டத்தில் முடுக்குங்கள்.

தரைக்குக் கீழே ஒரு அடி ஆழம் இறக்கி, அடியில் இன்னொரு அடி வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தால் தோண்டும் நாய்க்கும் பெருச்சாளிக்கும் கம்பி முட்டும். சல்காட்டா உள்ளிருந்தும் தோண்டும் ஆமை. சஹாராவின் தென் விளிம்பில் வெயிலுக்குப் பயந்து ஆழமாக வளை வெட்டி வாழும் இனம் அது. அதனால் ஓரங்களில் ஹாலோ பிளாக்கைப் புதைத்து இரண்டு வரிசை எழுப்புவது நல்லது. அந்தப் பக்கம் இருப்பது கண்ணில் படாத சுவர் என்றால் ஆமை முட்டித் தள்ளவும் பார்க்காது. குட்டியாக இருக்கும்வரை மேலே மூடி கட்டாயம். காக்கா கொத்தும், பூனையும் கீரியும் இறங்கும். கதவுக்குத் தாழ்ப்பாளோடு கொக்கியும் போடுங்கள்.

பெருச்சாளியைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. மார்கழிக் குளிரில் ஆமை விறைத்துக் கிடக்கும்போது அது காலையும் வாலையும் கடித்துக் குதறிவிடும், ஆமையால் விலகக்கூட முடியாது. இரவில் நாலு பக்கமும் செங்கல் சுவரும் இடைவெளி இல்லாத கதவும் உள்ள அறையில் அடைத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் பழமும் கீரையும் சாயங்காலமே வெளியே போகட்டும், எறும்பும் எலியும் அதற்குத்தான் வருகின்றன. வளர்ப்பு நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் ஆமையோடு தனியாக விடாதீர்கள். அதன் மூக்குக்கு ஆமை கடித்து விளையாடும் எலும்புதான்.

அடிபட்டுக் கிடைத்தது மஞ்சள் கோடுகளால் நட்சத்திரம் வரைந்தாற்போன்ற நம் ஊர் ஆமை என்றால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "நான் பார்த்துக்கொள்கிறேன், கொடுங்கள்" என்று யாராவது ஆசையாக வாங்க வந்தால் அவரிடமும் கொடுக்காதீர்கள்.

கிளினிக்கில் பணம் கட்டுவதற்கு முன் எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்குங்கள். போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் பெயர், அளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த ஊசியைப் போடவிடாதீர்கள். தினமும் காலையில் சமையலறைத் தராசில் ஆமையை நிறுத்து, கிராம் கணக்கை அதே சீட்டின் பின்பக்கம் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து எடை இறங்கினால் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.