எண்ணூரில் எண்ணெய் மிதக்கும்போது: ஏ.க்யூ.ஐ ஆப்பா, வீட்டு மீட்டரா, பீக் ஃப்ளோவா?

வீடு எர்ணாவூர் பக்கம். அம்மாவுக்கு ஆஸ்துமா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போனதிலிருந்து, டீசல் வாடை அடிக்கும் நாளில் அம்மா வெளியே வரலாமா கூடாதா என்று முடிவு செய்ய மூன்று வழிகளைப் பார்த்தாயிற்று. இப்போது நாங்கள் நம்புவது பீக் ஃப்ளோ மீட்டரை, அதாவது மூச்சின் வேகத்தை ஊதி அளக்கும் சின்னக் கருவியை. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆப் இலவசம், வசதி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் மணலி நிலையத்தின் எண் வந்துவிடும். போகி நாளுக்கு அது போதும். எண்ணெய்க்குத்தான் போதாது. ஏ.க்யூ.ஐ எனும் காற்றுத் தரக் குறியீட்டின் கணக்கில் வருபவை எட்டு: இரண்டு வகைத் துகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். எண்ணெயிலிருந்து ஆவியாகும் பென்சீன், டொலுவீன், சைலீன் எதுவும் அதில் கிடையாது. பென்சீனுக்கு நாட்டில் வரம்பு இருக்கிறது, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஆனால் அது ஆண்டுச் சராசரி. மூக்கு எரியும்போதும் ஆப் பச்சை காட்டினால் அது பொய்யில்லை, அதனிடம் கேட்ட கேள்வியே வேறு. போதாததற்கு, மணலி இருப்பது கழிமுகத்துக்குத் தென்மேற்கே பல கிலோமீட்டர் தள்ளி. அதே டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கசிந்த அம்மோனியா, அந்த எட்டில் ஒன்றுதான். பாதித் தூக்கத்தில் எழுந்து ஓடியவர்களுக்கு ஆப் காட்டும் 24 மணி நேரச் சராசரி என்ன உதவி செய்திருக்கும்?

அடுத்தது ஆன்லைனில் விற்கும் வீட்டு மீட்டர். திரையில் பி.எம் 2.5, பக்கத்திலேயே 'டி.வி.ஓ.சி' என்று ஓர் எண், காற்றில் கலந்த கரிம ஆவிகளின் மொத்த அளவு. ஆவியை அளப்பது என்பதால் நாங்களும் இதைத்தான் முதலில் வாங்கினோம். கடலோர ஈரத்தில் துகள் எண் ஏறித் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தாளிப்பு, ஊதுபத்தி, கொசுவத்தி, சானிடைசர் என்று எல்லாவற்றுக்கும் ஆவி எண் துள்ளும், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஒத்துவராமல் போனது அதன் அடிக்கோடு, அதாவது எதை இயல்பு என்று வைத்து அது ஒப்பிடுகிறது என்பது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விலை குறைந்த ஆவி சென்சார்கள் பலவற்றுக்குச் சுத்தமான காற்று எது என்று நிரந்தரமாகத் தெரியாது. சமீப மணி நேரங்களில், சமீப நாட்களில் தான் பார்த்த காற்றையே 'இயல்பு' என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலே போனதா கீழே வந்ததா என்றுதான் காட்டும். சில வகைகளில் கடந்த 24 மணி நேரச் சராசரிதான் 100. புதிதாக வாடை கிளம்பினால் எண் எகிறும், சரி. ஆனால் கழிமுகத்தில் எண்ணெய் நாள்கணக்கில் தேங்கி, அலையாத்திச் செடிகளில் ஒட்டிக்கொண்டு கிடந்தால்? கெட்ட காற்றையே இயல்பாக எடுத்துக்கொண்டு எண் தானாக இறங்கிவிடும். நம் மூக்கும் அப்படித்தான் பழகிப்போகிறது. மூக்குக்கு மாற்றாக வாங்கிய கருவிக்கும் மூக்கின் கோளாறே இருந்தால் காசு எதற்கு?

பீக் ஃப்ளோ மீட்டர் காற்றை அளப்பதில்லை. மூச்சுக்குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்கிறது. பேட்டரி கிடையாது. முள்ளைச் சுழியத்துக்குத் தள்ளி, நின்றபடி, மூச்சை முழுக்க இழுத்து ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை, மாலை, இன்ஹேலர் போடுவதற்கு முன். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் இரண்டு வாரங்களில் கிடைத்த உச்ச எண்தான் அந்த ஆளின் அடிக்கோடு. அம்மாவுக்கு அது 320. அதில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. வாடை எத்தனை நாள் நீடித்தாலும் அந்த 320 இறங்காது, நோட்டில் எழுதியது எழுதியதுதான். நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இதுவே. மஞ்சளுக்கு இறங்கினால் என்ன மருந்து, எத்தனை முறை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. சிவப்பு என்றால் நிவாரண இன்ஹேலரைப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

குறை இல்லாமல் இல்லை. இது பின்னால் வரும் செய்தி. சுவாசித்த பிறகுதான் எண் இறங்கும். அதனால் வெளியே போகும் முன் காற்றின் திசையைப் பார்க்கிறோம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடகிழக்கிலிருந்து காற்று அடித்தால் கழிமுகத்தின் நாற்றம் நேராக எங்கள் பக்கம் வரும். அன்றைக்கு வடக்கு ஜன்னல் மூடி, அம்மாவின் நடை ரத்து. என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

எண்ணெயின் வகையும் முக்கியம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டியது கனமான எரிபொருள் எண்ணெய். அதில் ஆவி குறைவு, பிசுபிசுப்பு அதிகம். லேசான எண்ணெயில் ஆவியின் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடும். ஆகவே நோட்டில் அடிக்கோடு முன்கூட்டியே இருந்தால்தான் பயன். கசிந்த பிறகு மீட்டர் வாங்கினால் ஒப்பிட எண் இருக்காது.

என் அனுபவம் ஆஸ்துமாவோடு சரி. இதய நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் எதையும் சொல்லாது. சின்னக் குழந்தைக்குச் சரியாக ஊதவே வராது. பென்சீன் விஷயத்தில் மூச்சு நன்றாக இருப்பதே பாதுகாப்புக்கு அத்தாட்சியும் ஆகாது. அவர்களுக்கெல்லாம் மீட்டர் தேடுவதைவிட, வாடை அடங்கும்வரை கழிமுகத்தைவிட்டுத் தள்ளியிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுதான் சரி. ஆவியை முறையாக அளக்கும் பி.ஐ.டி கருவி, விலையிலும் அளவுத்திருத்தச் செலவிலும் வீட்டுக்கானது அல்ல. 2010 மெக்சிகோ வளைகுடாக் கசிவின்போது அமெரிக்க அரசு ஆய்வகப் பேருந்துகளைக் கடலோரத்தில் ஓட்டி அளந்தது. அது அரசு செய்ய வேண்டிய வேலை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஆளுக்கு ஒரு மீட்டர் வையுங்கள், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். உடைந்து வேறு கம்பெனி வாங்கினால் பழைய எண் செல்லாது, அடிக்கோட்டைப் புதிதாக எடுக்க வேண்டும்.