ஜிஎடிட் நல்லதுதான், நண்பருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்

வேலந்தாவளத்தில் கடை வைத்திருக்கும் நண்பர் பழைய லேப்டாப் ஒன்றில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறார். "தமிழ் அடிக்க எந்த எடிட்டர்ங்ணா நல்லாருக்கும்? நீங்க ஜிஎடிட்தானே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஜிஎடிட் என்பது லினக்ஸில் ஓடும் எளிய உரை எடிட்டர். 'அது வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் சொன்னேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற எரிச்சலை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி எங்களுடையது. 2001-இல் கேரள அரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டமான ஐடி அட் ஸ்கூல் தொடங்கியது. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் வேரூன்றியதற்கு அதுதான் காரணம். எங்கள் ஆய்வகக் கணினியில் இருப்பது உபுண்டு 18.04 வழி வந்தது. அதிலேயே ஒரு வெப் சர்வரும் ஓடுகிறது. அறிவிப்புப் பக்கம் தமிழில். அதைத் திருத்த, கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலுக்குள்ளேயே ஓடும் நானோ எடிட்டரைத் திறந்தால் கண் வலிக்கும். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கும், கொம்பும் காலும் எங்கெங்கோ போய் நிற்கும். ஜிஎடிட்டில் 'கொழிஞ்சாம்பாறை' என்று அடித்தால் அச்சுப் புத்தகத்தில் இருப்பது போலவே வரும். சட்டென்று திறக்கும், கண்ணை உறுத்தாது. வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்றுதான்: அது என் கோப்புகளை என்னிடமே விட்டுவைக்க வேண்டும்.

அறிவிப்புப் பக்கம் இருக்கும் இடம் வார்-டபிள்யூடபிள்யூடபிள்யூ ஃபோல்டர். அதன் சொந்தக்காரர் ரூட், அதாவது கணினியின் முழு அதிகாரமுள்ள நிர்வாகி. ரூட்டின் அதிகாரத்தில் ஒரு நிரலை ஓட்டும் கட்டளை சுடோ. அதனால் 'சுடோ ஜிஎடிட்' என்று அடித்துத் திறக்கச் சொல்வார்கள். பழைய உபுண்டுக் குறிப்புகளில் எங்கே பார்த்தாலும் இதே வரிதான். திறக்கும், திருத்தலாம், சேமிக்கலாம், ஒரு குறையும் தெரியாது. பிறகு என்றைக்கோ ஒரு நாள் சாதாரணமாக 'ஜிஎடிட்' என்று மட்டும் அடித்தால் டெர்மினல் நிறைய எச்சரிக்கை. அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃப் கோப்பை உருவாக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைடு. அண்மையில் திறந்தவற்றின் பட்டியலைப் படிக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைடு. எழுத்துருவைப் பெரிதாக்கி வைத்தால் அடுத்த முறை பழையபடி சிறுத்துக் கிடக்கும்.

நடப்பது இதுதான். அந்தக் காலத்து உபுண்டுவில் சுடோ போட்டால் ஆள் ரூட்டாக மாறுவார், ஹோம், அதாவது அவரவர் கோப்புகள் இருக்கும் சொந்த ஃபோல்டர், மட்டும் நம்முடையதாகவே இருக்கும். ரூட்டாக ஓடும் எடிட்டர் தன் அமைப்புகளையும் பட்டியலையும் நம் ஹோமுக்குள் எழுதும், எழுதிய கோப்புக்கு ரூட்டின் பெயரே சொந்தக்காரராக விழும். விருந்துக்கு வந்தவர் அலமாரிப் பூட்டை மாற்றிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போன கதை.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி சரியாகும், அதுதான் இன்னும் குழப்பம். டிகான்ஃப் புகார் வருவது ரன்-யூசர் ஃபோல்டரிலிருந்து. அது நினைவகத்தில் இருப்பது, மறுபடி தொடங்கும்போது துடைத்துப் போய்விடும். ஹோமுக்குள் மறைந்திருக்கும் டாட் லோக்கல், டாட் கான்ஃபிக் ஃபோல்டர்கள் இரண்டும் டிஸ்க்கில் இருப்பவை. அங்கே விழுந்த பூட்டு அப்படியே இருக்கும்.

ஆகவே இந்தப் பிழை வந்தால் எடிட்டரை நீக்கி மறுபடி நிறுவுவதில் பயனில்லை. ஹோமில் நின்று ஃபைண்ட் கட்டளையில் '-யூசர் ரூட்' என்று தேடுங்கள். வெளியே வருகிற கோப்புகளை சேஞ்ச் ஓனர் (chown) கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், முடிந்தது. எல்லாவற்றுக்கும் 777 போட்டு யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிடச் சொல்லும் மகானுபாவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அறிவிப்புப் பக்கம் போல அடிக்கடி திருத்துவதாக இருந்தால் அந்த ஃபோல்டரையே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் சுடோவே தேவைப்படாது. என்றைக்காவது தொடும் ஹோஸ்ட்ஸ் மாதிரி சிஸ்டம் கோப்புக்கு சுடோஎடிட் என்ற கட்டளை போதும். அது கோப்பின் நகலை நம் பெயரில் திறந்து, மூடியதும் உரிய இடத்தில் எழுதிவிடும். ஜிஎடிட்டோடு அதைச் சேர்த்தால் '--வெயிட்' கொடுக்க மறக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு ஜிஎடிட் ஜன்னல் திறந்திருந்தால் அது உடனே திரும்பிவிடும். சுடோஎடிட்டும் 'மாற்றமில்லை' என்று சொல்லிக் கைகழுவிவிடும்.

நியாயமாகப் பார்த்தால் இதில் ஜிஎடிட்டின் தப்பு அவ்வளவு இல்லை. குற்றம் உபுண்டுவின் சுடோ அமைப்பில் இருந்தது, 19.10-இல் ஹோமையும் ரூட்டுக்கே மாற்றித் திருத்திவிட்டார்கள். வரைகலை நிரல்களுக்கென்று இருந்த ஜிகேசுடோவை 18.04-லேயே எடுத்துவிட்டார்கள், ஆக இடையில் மாட்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள். ஆனால் கேடிஈ என்ற லினக்ஸ் மென்பொருள் குழுவின் கேட் எடிட்டரைப் பாருங்கள். 2017-லேயே சுடோ போட்டுத் திறந்தால் வாசலிலேயே நிறுத்தி, சுடோஎடிட் பயன்படுத்து என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. ஜிஎடிட் வாயே திறக்கவில்லை.

"அப்போ என்னோட 22.04-ல இந்தத் தொல்லையே வராதுங்களே, பின்ன எதுக்குங்ணா வேண்டாம்ங்கறீங்க?" என்கிறார் நண்பர். கேள்வி சரிதான். வராது. எனக்கு அதன் மேல் இருக்கிற கோபம் தீரவில்லை, அவ்வளவுதான். கேட் போடுங்க தம்பி. கூடவே கேடிஈ நூலகங்கள் ஒரு மூட்டை இறங்கும், மொபைல் டேட்டாவில் வேண்டாம், வைஃபை இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்க.