மோடாஃபினிலா, ஆர்மோடாஃபினிலா?

கங்கைகொண்டான் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி ஒருவர், பாளையங்கோட்டையில் உள்ள என் மருந்துக்கடைக்கு வந்து, தூக்கக் கலக்கத்தைப் போக்கும் மாத்திரைக்கான சீட்டை நீட்டினார். "அண்ணாச்சி, போன மாதம் மோடாஃபினில் 200. இந்த மாதம் ஆர்மோடாஃபினில் 150. டாக்டர் அளவைக் குறைத்துவிட்டாரா?"

குறைக்கவில்லை. வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களின் கலவைதான் மோடாஃபினில். அவற்றில் ஒன்று நான்கைந்து மணி நேரத்திலேயே உடலில் பாதியாகிவிடும். மற்றது பாதியாவதற்குச் சுமார் 15 மணி நேரம் ஆகும். நெடுநேரம் தங்கும் அந்த வடிவத்தை மட்டும் தனியே எடுத்தது ஆர்மோடாஃபினில்; அதனால்தான் எண் குறைவாக இருக்கிறது. அமெரிக்காவில் முன்னதற்கு 1998இலும் பின்னதற்கு 2007இலும் அனுமதி கிடைத்தது.

ஷிஃப்ட்டின் கடைசி மணிகளில்தான் கண் சொருகுகிறது என்பவருக்கு ஆர்மோடாஃபினில் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் காலையில் வீடு திரும்பி உறங்க வேண்டியவருக்கு அந்த நீளமே தொல்லையாகலாம். இரண்டில் எதுவானாலும் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும்.

தலைவலி இரண்டிலும் உண்டு. தோலில் தடிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பெண்கள் கவனிக்க: இரண்டுமே கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை. குறட்டையோடு மூச்சுத் தடைபடும் நோயாளிகள் மாத்திரையை நம்பி மூச்சுக் கருவியைக் கழற்றிவிடக் கூடாது. மாத்திரை தூக்கக் கலக்கத்தைத்தான் போக்கும், அடைப்பைத் திறக்காது.

தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த ஊர் இது. பரீட்சை நேரத்தில் சீட்டில்லாமல் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு என் கடையில் இரண்டுமே கிடையாது.